மூன்றாம் விதைப்புக்கு வைத்த மூட்டை

புளியங்குளம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ்ஸின் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. இதை ஒரு விஷயமாக எழுதக் காரணம் இருக்கிறது. நான் கிள்ளானில் லொறி ஓட்டுகிறவன். எங்கள் மலாயாவில் ரேடியேட்டர் கொதித்தால் இறங்கி, ரோட்டோரக் கானில் ஓடும் தண்ணீரில் ஒரு வாளி மொண்டு ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். இது கார்த்திகை மாதம். வன்னியில் மழை கொட்டும் மாதம் என்று சொல்லி அம்மா எனக்குக் குடைகூடக் கொடுத்து அனுப்பியிருந்தார். ரோட்டோரக் கானில் புழுதியும் காய்ந்த சாணியும்தான் கிடந்தன.

டிரைவர் சிங்களவர். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். கண்டக்டர் சிரித்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

“மழை வந்தால் ரோட்டு இல்லை, மழை வராட்டில் பஸ்ஸிலை ஏற ஆள் இல்லை, இந்தப் பாதையைத் தனக்கு எவன் எழுதினவன் எண்டு கேக்கிறார்” என்றார் கண்டக்டர்.

கண்டக்டர் வாளியோடு காட்டோரத்து வீடு ஒன்றுக்குப் போனார். நானும் கூடப் போனேன். சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. வீட்டுக்காரப் பெண் வாளியைப் பார்த்ததும் வேலிப் படலையைத் திறக்கவே இல்லை.

“எஞ்சினுக்குத் தர என்னட்டைத் தண்ணி இல்லை, ராசா. குடிக்க வேணுமெண்டால் ஆளுக்கு ஒரு செம்பு தாறன்.”

அவள் பின்னால் ஒரு பிள்ளை நின்றது. வயிறு மட்டும் முன்னுக்கு வந்திருந்தது. கையும் காலும் குச்சி. ஏதோ நோய் கண்ட வருத்தக்காரப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

கடைசியில் பயணிகளின் போத்தல் தண்ணீரைச் சேர்த்துத்தான் ஊற்றினோம். ஒரு ஆள் தன் போத்தலைத் தர முடியாது என்று பிடிவாதமாக நின்றார். அதில் இருந்தது கள்ளு என்று வாசம் காட்டிக்கொடுத்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஒரு பெண், கழுத்தில் செபமாலையும் மடியில் கருவாடு போட்ட ஓலைக் கடகமுமாக என் பக்கத்தில் இருந்தார். கடகம் நிறைய இருந்தது. விற்கப் போகிறீர்களா என்று கேட்டேன்.

“வித்துப்போட்டு வாறன் எண்டு போனனான். கருவாட்டைக் குடுத்து நெல்லு மாத்திறதுதான் எங்கட வழக்கம். இந்த முறை ஆரிட்டையும் நெல்லு இல்லை. திருப்பிக் கொண்டு போறன், கரையிலை சிரிக்கப் போகினம்.”

“திருப்பிக் கடலுக்கை விடுங்கோ அக்கா, நீந்திப் போகும்” என்றான் பின்னால் இருந்த ஒருவன்.

“விடுவன். முதல் உன்னைத்தான் தூண்டில்லை கொழுவுவன்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நெல் இல்லை என்று அவர் சொன்னது அப்போது என் காதில் ஏறவில்லை.

நான் வந்தது அக்காவைப் பார்க்க. எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தார், ரயில்வே வேலைக்கு மலாயா போனவர். அக்கா பூமணியும் நானும் கிள்ளானில் பிறந்தோம். அக்காவை மட்டும் அப்பா ஊரில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் காணி இல்லை. நெடுங்கேணிக்கு அப்பால் காட்டை வெட்டி அரசாங்கம் குடியேற்றிய இடத்தில் ஐந்து ஏக்கர் கிடைத்தது. ஐந்து ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று அப்பா கிள்ளான் முழுக்கச் சொல்லித் திரிந்தார். மழை தவறினால் அந்த ஐந்து ஏக்கரும் எதற்கு ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அக்காவின் மூத்த பிள்ளை சில வருஷங்களுக்கு முன் வெள்ளம் வந்தபோது போய்விட்டது. காய்ச்சல் என்று மட்டும் எங்களுக்கு அறிவித்திருந்தார்கள். இப்போது ஒரு ஆண் குழந்தை, ஒன்றரை வயது, நந்தன் என்று பெயர். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வா என்று அம்மா என்னை அனுப்பினார். பால்மா டின்கள் கொஞ்சமும் ஒரு வெள்ளி அரைஞாணும் கொடுத்துவிட்டார்.

போய்ச் சேர்ந்த அன்று பின்னேரமே அரைஞாணை எடுத்தேன். கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இடுப்பில் வைத்து அளவு பார்த்துச் செய்தது. அந்தப் பிள்ளைக்கும் ஒன்றரை வயதுதான். அக்கா நந்தனை நிறுத்திப் பிடித்தாள். நான் கொக்கியை மாட்டிக் கையை விட்டேன். அரைஞாண் இடுப்பில் நிற்கவில்லை. நேராகக் கால் வழியே இறங்கி நிலத்தில் விழுந்தது. பிள்ளை அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. நந்தன் அழுவதை நான் வந்ததிலிருந்து கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“என்ன அக்கா இது” என்றேன்.

“வளருவான்தானே. எடுத்து வை” என்றாள்.

இரவுச் சாப்பாடு குரக்கன் என்னும் கேழ்வரகு ரொட்டியும் உப்பும் மிளகாயும் இடித்த சம்பலும். தேங்காய் கிடையாது. விருந்தாளி என்று எனக்கு இரண்டு ரொட்டி. அத்தானுக்கு ஒன்று. அக்கா சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. கூப்பனுக்குக் கிடைக்கும் ரேஷன் அரிசி வாரத்தில் பாதிக்குத்தான் காணும், மிச்ச நாளுக்குப் போதாது என்றார்கள். நான் கைகழுவி எழுந்தபோது, அறைக்குள் பலகைமேல் ஒரு நெல் மூட்டை நிற்பதைக் கண்டேன். வாய் சணல் நூலால் குறுக்கும் மறுக்கும் தைத்திருந்தது.

“நெல் இருக்கே” என்றேன்.

அத்தான் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போனார்.

“அது விதைக்க” என்றாள் அக்கா.

மறுநாள் காலை அத்தான் என்னை வயலுக்குக் கூட்டிப் போனார். கதிரவேலு என்று பெயர். மெலிந்த, நெடிய மனிதர். அதிகம் பேசமாட்டார். வயல் என்று அவர் காட்டியது எனக்கு லொறி நிறுத்தும் மைதானம் போல இருந்தது. புழுதி. குனிந்து விரலால் கிளறினார். உள்ளே நெல் முளைகள், நூல் மாதிரி, கருகி, தொட்டால் பொடியாகின.

“இது ரெண்டாந்தரம் விதைச்சது, தம்பி. முதல் விதைப்பு புரட்டாசி முடியேக்கை. ஒரு மழை பெய்தது, நல்ல மழை. ஊர் முழுக்க விதைச்சம். பிறகு வானம் பூட்டிப் போட்டுது. முளைச்சதெல்லாம் கருகிப் போச்சு. ஐப்பசியிலை திரும்ப ஒண்டு பெய்தது. சாப்பிட வைச்சிருந்த நெல்லை எடுத்து விதைச்சம். அதையும் பாரும்.”

“சாப்பிட வைத்ததையா விதைத்தீர்கள்?”

“விதைக்க வேற நெல்லு எங்கை?”

“பிள்ளைக்கு?”

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கோபத்தை ஏற்றியது.

“ஒரு மூட்டை மிச்சம் கிடக்குது. மூண்டு மாதத்திலை விளையிற நெல்லு. இந்த மாதம் முடியமுதல் ஒரு மழை பெய்தால் ஒரு ஏக்கரெண்டாலும் விதைப்பன். அது நிண்டால் வருசம் முழுக்கப் பிள்ளை தின்னும். இப்ப அவிச்சுப் போட்டால் தை வரைக்கும் தின்னும். பிறகு?”

எங்கள் ஊரில் நான்கு மணி ஆனால் மழை. யாரும் அதைக் கவனிப்பதில்லை. துணி காயவில்லை என்று பெண்கள் திட்டுவார்கள், ரோட்டு வழுக்குகிறது என்று நான் திட்டுவேன். அந்த மழைக்குள்தான் பிள்ளைகள் கானில் குதித்துக் கொழுத்துப் போய் வளர்கின்றன. இங்கே ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் ஒரு பிள்ளை வற்றிக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டு மரியாதையாகப் பேச எனக்குத் தெரியவில்லை. காசை எடுத்து நீட்டினேன்.

“விதைநெல்லு வாங்குவம். அரிசியும் வாங்குவம். எங்கே விற்கிறார்கள், சொல்லுங்கோ.”

“ஆர் விக்கிறான்? எல்லாற்றை வீட்டிலையும் ஒரு மூட்டைதான். எல்லாம் இப்பிடித்தான் தைச்சுக் கிடக்குது.”

நான் நம்பவில்லை. நெடுங்கேணிக் கடைகளுக்கு நடந்தே போய்ப் பார்த்தேன். கூப்பன் அரிசி வர இன்னும் நாள் இருக்கிறது என்றார்கள். கோதுமை மா கொஞ்சமும் சீனியும் கிடைத்தன. அதைச் சுமந்துகொண்டு, கண்ணில் பட்ட எல்லாரையும் மனதுக்குள் வைதுகொண்டு திரும்பினேன்.

திரும்பி வந்தபோது முற்றத்தில் பிள்ளைக்கூட்டம். அக்கா பால்மாவைக் கரைத்துக் குவளையில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம். ஒன்றுகூட ஓடவில்லை, தள்ளவில்லை, வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் அதே வயிறு, அதே குச்சிக் கால். காட்டோரத்து வீட்டில் நான் பார்த்தது வருத்தக்காரப் பிள்ளையல்ல, இந்தப் பக்கத்துப் பிள்ளை.

“அம்மா உன் பிள்ளைக்கு அனுப்பியது” என்றேன்.

“நீ டின்னைத் திறக்கிறதை எல்லாரும் கண்டவை. இனி எப்பிடிக் கதவைச் சாத்திறது?”

தண்ணீர் குளத்துக்கு அருகே உள்ள பொதுக்கிணற்றிலிருந்து வந்தது. கிணற்றில் தண்ணீர் அடிக்கு இறங்கியிருந்தது. வாளியில் பாதி சேறு. தெளியவைத்துத் துணியில் வடித்தார்கள். கொதிக்கவைக்கவில்லை. விறகு காட்டில் வேண்டிய அளவு கிடக்கிறது. யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் விடியும்போது நந்தனுக்கு வயிற்றால் போகத் தொடங்கியிருந்தது. வாந்தியும் இருந்தது. கண் உள்ளே போய்விட்டது. அத்தான் சைக்கிளை எடுத்துத் தந்தார். கிழக்கே கொஞ்சம் மேகம் கட்டியிருந்ததால் உழவு மெசின்காரனைப் பிடிக்க அவர் போக வேண்டும். போகுமுன் பிள்ளையின் தலையில் கை வைத்தார். எடுத்தார். போனார். நான் அக்காவைப் பிள்ளையோடு பின்னால் ஏற்றி டிஸ்பென்சரிக்கு மிதித்தேன். பாதையில் இரண்டு தரம் செயின் கழன்றது. லொறி ஓட்டுகிறவனுக்குச் சைக்கிள் செயின் கடவுள் கொடுத்த தண்டனை.

டிஸ்பென்சரி விறாந்தையில் உட்கார ஒரு நீள வாங்கு. அதில் தாய்மார், மடிகளில் பிள்ளைகள். எங்களுடைய முறை வந்ததும் அப்போதிக்கரி, அங்கே டாக்டர் வேலை பார்க்கும் வயதான மனிதர், பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் கூடாரம் போல அப்படியே நின்றது. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மலாயாவோ? அங்கை மழை எப்பிடி?”

“தினமும் பெய்யும்.”

“அதுதான் நீர் இப்பிடிக் கொழுத்திருக்கிறீர்.”

சிரிக்கும் நிலையில் நான் இல்லை. என்ன வருத்தம், மருந்து என்ன என்று சத்தம் போட்டேன். அவர் சத்தம் போடவில்லை.

“அந்த வாங்கைப் பாரும். அதிலை ஆர் இருக்கினம் எண்டு பார்த்தால் வெளியிலை வானம் என்ன செய்யுதெண்டு நான் சொல்லுவன். மழை பிந்தினால் மெலிஞ்சு வருவினம். கிணறு வத்தினால் வயித்தாலை போகுதெண்டு வருவினம். மழை கொட்டினால் வெள்ளம் கிணத்துக்கை இறங்கும், அப்பவும் வயித்தாலை போகுதெண்டுதான் வருவினம். உம்மடை அக்காவின்ரை மூத்த பிள்ளையும் அப்பிடித்தான் வந்தது. ஒரு வருசம் ஒழுங்காப் பெய்தால் நான் ஈ கலைச்சுக்கொண்டு இருப்பன். நான் இஞ்சை வந்த பிறகு அப்பிடி ஒரு வருசம் இல்லை.”

காய்ச்சல் என்று எங்களுக்குச் சொன்னது பொய் என்று அங்கேதான் அறிந்தேன். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, கேள்” என்று அவர் அக்காவிடம் சொன்னார். “பால்மா நல்ல சாமான், தண்ணிதான் பிழை. அதை இப்ப நிப்பாட்டு. எதையும் கொதிக்கவைச்சுக் குடு. புழுங்கலரிசிக் கஞ்சி, நல்லாக் கரைய விட்டு, உப்புப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா விடாமல் குடு. மூத்திரம் போகாட்டில் நாளைக்கு வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இப்ப தப்பினாலும் இவனுக்கு ஒவ்வொரு நாளும் சோறு வேணும். இப்பிடியே காயவிட்டால் அடுத்தமுறை என்னாலை ஏலாது.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, பின்பக்கம் கவிழ்த்து வைத்திருந்த பெரிய கிடாரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். நெல் அவிக்கிற கிடாரம். மூன்று கல் வைத்தாள்.

“தம்பி, விறகு கொண்டு வா. தண்ணியும் வேணும்.”

கத்தியை எடுத்து அறைக்குள் போனாள். சணல் நூல் அறுபடும் சத்தம் கேட்டது. எனக்கு என்ன நடக்கிறது என்று விளங்கிவிட்டது. அவித்த நெல் முளைக்காது. அது எனக்கே தெரியும்.

“ஒரு பானை மட்டும் அவி அக்கா. மிச்சத்தை விடு” என்றேன்.

“ஒரு பானை அவிச்சால் மிச்சத்தை விதைச்சுப் போடுவார். பிறகு இன்னொரு பானைக்கு இன்னொரு சண்டை. முழுக்க அவிச்சால் சண்டை ஒருநாளோடை முடியும்.”

“அவர் வந்து கேட்டால்?”

“கேக்கட்டும். ஒண்டை வெள்ளத்திலை குடுத்தனான். இதைப் புழுதியிலை குடுக்க மாட்டன்.”

நான் கிணற்றுக்கும் முற்றத்துக்கும் ஓடினேன். முதல் கிடாரத்து நெல் வெடிப்பு விட்டதும் அக்கா இரண்டு சிரங்கை அள்ளி, சட்டியில் போட்டு வறுத்து ஈரம் போக்கி, உரலில் குத்திக் கஞ்சி வைத்தாள். கரண்டி நுனியால் நந்தனின் வாயில் விட்டாள். வெளியே வந்தது. திரும்ப விட்டாள். அது உள்ளே போனது. பக்கத்து வளவுப் பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். அவித்த நெல்லின் வாசம் அவர்களைக் கொண்டுவந்தது. ஒருத்தியும் என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. ஒருத்தி தன் வீட்டிலிருந்து இரண்டு பாய் கொண்டுவந்து வேலிக்கு மேலால் தந்தாள்.

கடைசிக் கிடாரத்தையும் கொட்டிப் பரப்பியபோது வெயில் மங்கியிருந்தது. கிழக்கே கட்டிய மேகம் தலைக்கு மேல் வந்திருந்தது. காற்று நின்றது. நான் வானத்தைப் பார்த்து வைதேன். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்பது அதன் சாரம்.

அப்போதுதான் அத்தான் வந்தார். படலைக்கு வெளியிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“பூமணி, மெசின் நாளைக்குக் காலமை வருதாம். எங்கட காணிதான் முதல். இண்டைக்கு இது கட்டாயம் பெய்யும், பாரன்.”

முற்றத்துக்கு வந்தவர் நின்றார். முற்றம் நிறையப் பாய், பாய் நிறைய அவித்த நெல். அக்கா மடியில் பிள்ளையோடு எழுந்து நின்றாள். அவரை நேராகப் பார்த்தாள். நான் இருவருக்கும் நடுவில் போகலாமா என்று யோசித்தேன். முதல் துளி என் கழுத்தில் விழுந்தது. பெரிய துளி. அடுத்தது பாயில் விழுந்து தெறித்தது.

அவித்த நெல் நனைந்தால் புளித்துப் பழுதாகிவிடும். அத்தான் குனிந்தார். பாயின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடிக்கவேண்டும் என்பதற்குத் தலையை மட்டும் அசைத்தார். மழை முழுதாக இறங்குமுன் எல்லாப் பாய்களையும் உள்ளே இழுத்துவிட்டோம். கடைசிப் பாயை வைத்துவிட்டு அவர் வாசலில் நின்று மழையைப் பார்த்தார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை உழவு மெசின் வந்து படலையில் ஹோர்ன் அடித்தது. அத்தான் போய், “அடுத்த வளவுக்குப் போம்” என்று சொல்லிவிட்டு வந்தார். நாள் முழுக்க மற்றவர்களுடைய வயலில் வரம்பு கட்டப் போனார். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. நந்தனுக்கு மத்தியானம் மூத்திரம் போனது. அதை நான்தான் இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. இது போதுமா, அல்லது இதுவும் நின்று மூன்றாம் விதைப்பும் கருகுமா, அல்லது நிற்காமல் பெய்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகுமா என்று அந்த ஊரில் யாரும் ஊகம் சொல்லத் தயாராக இல்லை. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லி நான் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று கத்தினேன். மலாயாக்காரனுக்குப் பைத்தியம் என்று ஒரு கிழவர் என் காதுபடவே சொன்னார். ஆனால் அவர் வீட்டில் புகை எழுந்தது.

நான் புறப்பட வேண்டிய காலை. ரோட்டில் தண்ணீர் ஏறுமுன் பஸ் வந்துவிட வேண்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு சத்தம். நந்தன் அழுதான். கஞ்சிச் சட்டியைக் கண்டு, கை நீட்டி, வாயை முழுதாகத் திறந்து அழுதான். அக்கா அடுப்பில் அடுத்த உலையை இறக்கிக்கொண்டிருந்தாள். கை ஓயவில்லை.

அத்தான் எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தார். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். வெளியே ஈர வயல்களில் ஊரே இறங்கி விதைத்துக்கொண்டிருந்தது. ஆள் ஆளைக் கூப்பிடும் குரல், மாடு விரட்டும் சத்தம், மெசின் சத்தம் எல்லாம் கேட்டன. அவர் திரும்பவில்லை. கஞ்சியை ஊதி ஊதி ஆற்றி, கரண்டியால் கொடுத்தார். பிள்ளை விழுங்கியது. சில வாய்க்குப் பிறகு தலையை அசைத்தது.

“காணும் எண்டால் விடுங்கோ” என்றாள் அக்கா. அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

அத்தான் கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் விட்டார்.

“காணாது” என்றார். “இன்னும் குடிக்கட்டும்.”